மயில்துத்தத்துக்குள்ள ஒரு காந்தச் சங்கிலி: ஹீட், என்எம்ஆர், இஎஸ்ஆர், நியூட்ரான், இதுல எதை எடுக்கலாம்?

போன வாரம் பண்ணைக்காட்டுல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். காலேஜ்ல எனக்கு மூணு வருஷம் ஜூனியர், எம்எஸ்சி முடிச்சிட்டான், பிஎச்டிக்கு மூணு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. மூணுமே குவாண்டம் காந்தம்தான், ஆனா ஒரு குழு ஹீட் கெப்பாசிட்டியும் (கல்ல சூடேத்த எவ்வளவு வெப்பம் வேணும்னு அளக்கறது) என்எம்ஆரும் (அணுக்கருவோட காந்த அதிர்வ அளக்கறது) பண்றாங்க, இன்னொண்ணு இஎஸ்ஆர் (எலக்ட்ரான் ஸ்பின்னோட அதிர்வ அளக்கறது), மூணாவது நியூட்ரான் (நியூட்ரான கல்லு மேல விட்டு அது எப்படிச் சிதறுதுன்னு பாக்கறது). "எதுக்குப் போகட்டும்க்கா, நியூட்ரான்னா வெளிநாடெல்லாம் போலாம்ல?"ன்னு கேட்டான். அரை மணி நேரம் பேசியும் முடியல, பஸ் வந்துருச்சுன்னு வச்சிட்டான். அதான் எழுதிடறேன், இதே யோசனையில இருக்கற வேற யாருக்காவதும் ஆகும்.

எங்க வீடு தாண்டிக்குடி. அப்பாவுக்குக் காப்பி, நடுவுல மிளகு, கொஞ்சம் மலை வாழை. மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் போர்டோ கலவை அடிப்பாரு, நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. துத்தத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்ல முத நாள் ராத்திரியே துணி மூட்டையா கட்டித் தொங்க விட்டுடுவாரு, காலையில பாத்தா தண்ணி முழுக்க நீலம். கலந்து முடிச்சதும் தீட்டின அரிவாள ஒரு நிமிஷம் அதுல முக்கி எடுப்பாரு, இரும்பு மேல செம்பு நிறம் படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு வேணும்னு அர்த்தம். நான் பிஎச்டி முத வருஷம் லீவுக்கு வந்தப்ப அந்த டிரம் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, நான் ஆராய்ச்சி பண்றது இதத்தான்"னு சொன்னேன். "துத்தத்தையா? இதுல என்னம்மா இருக்கு ஆராய்ச்சி பண்ண?"ன்னு கேட்டாரு. அவருக்குச் சொன்ன பதில்ல இருந்துதான் தம்பிக்கும் ஆரம்பிக்கணும்.

மயில்துத்தம்ங்கறது காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட். ஒவ்வொரு காப்பர் அயனிலயும் ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரான் இருக்கு, அதுக்கு ஸ்பின் உண்டு, அதாவது அதுவே ஒரு குட்டிக் காந்தம், அந்த ஸ்பின்னோட அளவு அரை. இந்தப் படிகத்துல காப்பருக்கு ரெண்டு வித இடம் உண்டு. ஒரு வித காப்பரெல்லாம் ஒரு திசையில வரிசையா ஒண்ணுக்கொண்ணு பிணைஞ்சு சங்கிலி ஆகுது, பக்கத்து ஸ்பின் எனக்கு எதிர்த் திசையில நிக்கணும்ங்கற பிணைப்பு, அந்தப் பிணைப்போட வலுவத்தான் ஜே-ன்னு எழுதறோம். இன்னொரு வித காப்பர் பெரும்பாலும் தனியா நிக்குது, சங்கிலியில சேர்றதில்ல. இந்தத் தனிக் காப்பர மறந்துடாதீங்க, பின்னாடி தொந்தரவு பண்ணும்.

சங்கிலியில அப்படி என்ன விசேஷம்னா, வெள்ளகவி பாதையில பொதி ஏத்திட்டுப் போற குதிரைங்கள ஒரே கயித்துல, ஒண்ணு மேட்டப் பாத்து ஒண்ணு பள்ளத்தப் பாத்துன்னு மாத்தி மாத்தி வரிசையா கட்டியிருக்கறதா வச்சுக்கங்க. நடுவுல ஒரு குதிரைய மட்டும் திருப்பி விட்டா அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே திசை பாக்கற ஜோடி ரெண்டு உண்டாகுது. இப்ப அதுக்கு அடுத்த ரெண்டு குதிரையும் திரும்பிக்கிட்டா அந்த ஒட்டாத ஜோடி ரெண்டு எட்டு தள்ளிப் போயிடும், இன்னொண்ணு இங்கயே நிக்கும். திருப்பினது ஒரு குதிரைய, ஆனா உண்டான கோளாறு ரெண்டு, ரெண்டும் அதுஅது பாட்டுக்குத் தனித்தனியா நடக்குது. ஸ்பின்ல இதுக்குப் பேரு ஸ்பினான். சாதாரண காந்தத்துல ஒரு ஸ்பின்ன அசைச்சா மேக்னான்ங்கற ஒத்தை அலை போகும், அதோட ஸ்பின் ஒண்ணு. ஒத்தைச் சங்கிலியில அந்த ஒண்ணு அரை அரையா பிரிஞ்சிடுது. 1931-ல பெத்தே இந்தச் சங்கிலிக்குத் துல்லியமான விடைய பேப்பர்ல போட்டுட்டாரு, ஆனா அது அரை அரையா பிரியுதுங்கறது தெளிவா புரிய 1981 ஆச்சு, ஃபதேயெவும் தக்தாஜானும் சொன்னது.

காந்தப்புலத்த ஏத்தினா கதை இன்னும் சுவாரஸ்யம். புலம் இல்லாதப்ப ஸ்பினான் ஜோடிக்கு எனர்ஜி ஒரே கோடா வராது, அகலமான ஒரு பட்டையா பரவி நிக்கும். புலத்த மெதுவா ஏத்த ஏத்த, எனர்ஜி பூஜ்யத்தத் தொடற இடம் படிக அடுக்கோட பொருந்தாத அலைநீளத்துக்கு நகர்ந்துகிட்டே போகும். கடைசியா எல்லா ஸ்பின்னும் புலத்து பக்கம் சாஞ்சிடற ஒரு அளவு வரும், அதத்தான் சேச்சுரேஷன் ஃபீல்டுங்கறோம். அதத் தாண்டிட்டா பட்டை மறைஞ்சு கூர்மையான மேக்னான் கோடு வந்துடும், அதுக்கப்புறம் புலம் ஏற ஏற கீழ ஒரு எனர்ஜி இடைவெளியும் ஏறிக்கிட்டே போகும். அதாவது ஒரே கல்லுல, ஒரே ஸ்விட்ச்ச திருப்பி, ஸ்பினான்ல இருந்து மேக்னானுக்குப் போயிடலாம். இதப் பாக்கறதுக்குத்தான் இத்தனை கருவி.

எல்லாரும் எந்த டெக்னிக்னுதான் முதல்ல கேக்கறாங்க. என்னோட கருத்து, அதுக்கு முன்னாடி ஜே எவ்வளவுன்னு கேக்கணும். கணக்கு ரொம்பச் சின்னது. ஜே-வ கெல்வின்ல எழுதி ஒன்றரையால பெருக்கினா சேச்சுரேஷன் ஃபீல்டு டெஸ்லாவுல தோராயமா வந்துடும். சங்கிலியோட நிஜ முகம் தெரியணும்னா வெப்பநிலை ஜே-யில ஏழுல ஒரு பங்குக்காவது கீழ போகணும். இப்ப ரெண்டு பக்கமும் இழுக்குது பாருங்க. ஜே பெருசா இருந்தா குளிர் ஈஸி, காந்தம் கிடைக்காது. பொட்டாசியம் காப்பர் ஃப்ளோரைடுங்கறது பேர் போன சங்கிலி, அதுல ஜே கிட்டத்தட்ட 390 கெல்வின், சேச்சுரேட் பண்ண 500 டெஸ்லாவுக்கு மேல வேணும், உலகத்துலயே பெரிய தொடர் காந்தங்கள்ல ஒண்ணான அமெரிக்காவோட டல்லஹாசி ஹைப்ரிட் காந்தமே 45 டெஸ்லாதான். ஜே சின்னதா இருந்தா காந்தம் ஈஸி, குளிர் கஷ்டம். மயில்துத்தத்துல ஜே 0.252 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2.9 கெல்வின். 4 டெஸ்லா சுமாருக்கே எல்லா ஸ்பின்னும் சாஞ்சிடும், ஆனா 0.4 கெல்வினுக்குக் கீழ போனாத்தான் சங்கிலி வாய் திறக்கும். தை மாசத்துல கொடைக்கானல் புல்லு மேல வெள்ளையா உறைபனி படியும்ல, அது 273 கெல்வின், அதுல இருந்து எவ்வளவு கீழன்னு நினைச்சுப் பாருங்க.

நடுவுல இருக்கறது காப்பர் பைரசின் டைநைட்ரேட். ஜே 10.3 கெல்வின், திரவ ஹீலியத்தோட வெப்பநிலையான 4.2 கெல்வின்லயே சூசப்டிபிலிட்டியோட (புலம் வச்சா கல்லு எவ்வளவு காந்தமாகுதுங்கற அளவோட) மேட்டத் தாண்டிடலாம், அந்த மேடு 0.64 ஜே-யில வரும், போனரும் ஃபிஷரும் 1964-ல போட்ட கணக்கு. ஆனா சேச்சுரேஷன் 15 டெஸ்லாவத் தொடுது. நம்ம ஊர் லேப்ல சாதாரணமா பாக்கற மெஷின் 9 டெஸ்லா, கொஞ்சம் வசதியான இடத்துல 14. கல்லும் நல்ல கல்லு, தண்ணியில வளரும், ஊசி ஊசியா நீலமா வரும், ஆனா கதையோட கிளைமாக்ஸ் மட்டும் கைக்கு எட்டாது.

ஆக தம்பி, 9 டெஸ்லா காந்தமும் 0.4 கெல்வின் வரைக்கும் போற ஹீலியம்-3 குளிரூட்டி வசதியும் உள்ள லேப்னா உனக்குத் தோதான ஜே 3-ல இருந்து 6 கெல்வினுக்குள்ளதான். அதுக்குள்ள வர்ற கல்ல தேடு. மயில்துத்தம் அந்த வாசல்ல கால் வச்சிட்டு நிக்குது.

சரி, இப்ப கருவிகளுக்கு வரேன்.

ஹீட் கெப்பாசிட்டி பத்தி ஜூனியர் பசங்களுக்கு ஒரு இளக்காரம் இருக்கு, "சும்மா சூடு அளக்கறது"ன்னு. அது தப்பு. சங்கிலியில எனர்ஜி இடைவெளி இல்லாத நிலையில ஹீட் கெப்பாசிட்டி வெப்பநிலைக்கு நேர் விகிதத்துல போகும், அந்தச் சாய்வுல இருந்து ஸ்பினானோட வேகம் நேரா வந்துடும். புலம் சேச்சுரேஷன நெருங்க நெருங்க வேகம் குறையும், சாய்வு எகிறும், சரியா அந்தப் புள்ளியில நேர்கோடு போய் வர்க்கமூலமா மாறும், தாண்டினதும் இடைவெளி திறந்து சூடு மடமடன்னு விழும். ஒரு மில்லிகிராம் ரெண்டு மில்லிகிராம் கல்ல வச்சிட்டு, உன் ரூம்ல உக்காந்துகிட்டு, ஒரு வாரத்துல மொத்த ஃபேஸ் படமும் (எந்தப் புலத்துல, எந்த வெப்பநிலையில கல்லு எந்த நிலையில இருக்குங்கற படம்) போட்டுடலாம். அது பாக்காதது என்னன்னா அலைநீளம். எத்தனை எனர்ஜி நிலை இருக்குன்னு எண்ணிச் சொல்லும், எந்த அலைநீளத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அப்புறம் அந்தத் தனிக் காப்பர் பத்திச் சொன்னேன்ல, அது புலத்துல ரெண்டு நிலையா பிரிஞ்சு தனக்குன்னு ஒரு மேடு போடும், ஷாட்கி மேடு. ஒரு டெஸ்லாவுக்கு ஒன்றரை கெல்வின் மாதிரி பிரியும், அதாவது நீ தேடற இடத்துலயே சரியா வந்து உக்காரும். அதக் கழிச்சு எடுக்கறதுக்குள்ள எனக்கு நாலு மாசம் போச்சு.

இதுல எனக்கு நடந்த ஒண்ணச் சொல்லியே ஆகணும், ஏன்னா எந்தப் பேப்பர்லயும் இத எழுத மாட்டாங்க. முத தடவை ரெண்டு மாசம் பாத்துப் பாத்து வளத்த கல்லு, ஓரமெல்லாம் கத்தி மாதிரி, கண்ணாடி மாதிரி நீலம். சின்னதா வெட்டி, கிரீஸ் தடவி, அந்த மெல்லிசுக் கம்பியில தொங்கற மேடையில ஒட்டி, மெஷினுக்குள்ள இறக்கி, அறை வெப்பநிலையிலயே வேக்குவம் பம்ப்ப போட்டுட்டேன். மத்த கல்லுக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவோம். மூணு நாள் டேட்டா எடுத்தேன், சங்கிலியோட மேடே வரல. கல்ல வெளிய எடுத்தா நீலம் வெளுத்து மேல மாவு பூத்த மாதிரி இருக்கு, ஊசியால தொட்டதும் உதிருது. படிகத்துக்குள்ள இருக்கற தண்ணி மூலக்கூறுல ஒரு பங்க வேக்குவம் உறிஞ்சிருக்கு, தண்ணி போனா சங்கிலியும் போச்சு, ஏன்னா காப்பருக்கும் காப்பருக்கும் நடுவுல ஸ்பின்னக் கடத்தற பாதைய தாங்கி நிக்கறதே அந்தத் தண்ணியும் சல்ஃபேட்டும்தான். அன்னைக்கு சாயங்காலம் ஹாஸ்டல்ல சாப்பாடே இறங்கல. மேடம்தான் சொன்னாங்க, "கிரீஸால முழுசா மூடிடும்மா, முதல்ல ஹீலியம் வாயுவுலயே குளிர வை, 200 கெல்வினுக்குக் கீழ போன பிறகு பம்ப் போடு." அதுல இருந்து ஒரு கல்லும் கெடல. தண்ணி சேர்ந்த உப்பு எதுவா இருந்தாலும் தம்பி, இத எழுதி மெஷின் மேலயே ஒட்டி வச்சுக்க.

என்எம்ஆர். இது அணுக்கருவ உளவு பாக்க விடற வேலை. கல்லுக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் அணுக்கரு பக்கத்து காப்பரோட ஸ்பின் எப்படி நடுங்குதுன்னு உணரும், ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும். அணுக்கருவ ஒரு தட்டுத் தட்டி விட்டா அது பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கற நேரம்தான் முக்கியம். ஸ்பினான் நிறைய நடமாடினா சீக்கிரம் திரும்பும், இடைவெளி திறந்துட்டா தட்டி எழுப்ப ஆளில்லாம நிமிஷக்கணக்கா கிடக்கும். ரொம்ப ரொம்ப சின்ன எனர்ஜியில சங்கிலி என்ன பண்ணுதுன்னு இது மாதிரி சொல்ற கருவி வேற இல்ல, நியூட்ரான் அந்த இடத்துல தன்னோட ரெசல்யூஷனுக்குள்ள மூழ்கிப் போயிடும். ஸ்பின் ஏணின்னு சொல்ற (ரெண்டு சங்கிலிய படி போட்டு இணைச்ச மாதிரி இருக்கற) பைபெரிடினியம் காப்பர் புரோமைடுல, 7-லிருந்து 14 டெஸ்லா வரைக்கும் உள்ள லட்டிஞ்சர் திரவ நிலைய, அதாவது எனர்ஜி இடைவெளி இல்லாத நிலைய, அளந்ததுல என்எம்ஆருக்குப் பெரிய பங்கு உண்டு. கஷ்டம் என்னன்னா புலத்த மாத்தினா அலைவரிசையும் மாறும், ஒவ்வொரு புலத்துக்கும் சர்க்யூட்ட திருப்பி ட்யூன் பண்ணணும், ஒரு புள்ளிக்கு ஒரு ராத்திரி போயிடும். மயில்துத்தத்துல அஞ்சு தண்ணி, அதனால பத்து வித புரோட்டான் இடம், கோடு கோடா வந்து குழப்பும். இத்தனைக்கும் இந்தக் கல்லுல புரோட்டான் கோடுங்கள ப்ளூம்பெர்கன் 1950-லயே பாத்துட்டாரு. பொறுமை உள்ளவங்களுக்கு ஏத்த வேலை.

இஎஸ்ஆர் பத்தி நான் கொஞ்சம் கறாரா சொல்லப் போறேன். பள்ளிக்கூடத்துல கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, எவர்ஷெட் 1909-ல சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடறதக் கண்டுபிடிச்ச இடம். அதுக்கு முந்தின வருஷம்தான் ஹேல் அந்தப் புள்ளிங்கள்ல நிறமாலைக் கோடு பிரியறதப் பாத்து அங்க காந்தப்புலம் இருக்குன்னு சொன்னாரு, பெரிய புள்ளியில 0.3 டெஸ்லா சுமாருக்கு இருக்கும். சாதாரண எக்ஸ்-பேண்ட் (அது ஒரு மைக்ரோவேவ் அலைவரிசை) இஎஸ்ஆர் மெஷின்ல காப்பர் கோடு வர்றதும் கிட்டத்தட்ட அதே புலத்துலதான், இது தெரிஞ்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், கோடு எங்க விழுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான், வேகமான வேலை, தூசி அளவு கல்லு போதும், துல்லியம்னா அப்படி ஒரு துல்லியம். ஆனா சங்கிலி எந்தத் திசைக்கும் சலுகை காட்டாத சுத்தமான ஹெய்சன்பர்க் சங்கிலியா இருந்தா இஎஸ்ஆருக்கு அது கண்ணுக்கே தெரியாது. மைக்ரோவேவ் எல்லா ஸ்பின்னையும் ஒரே மாதிரி ஒண்ணா ஆட்டும், ஜே-க்கு அந்த ஆட்டத்துல வேலையே இல்ல, தனி ஸ்பின்னுக்கு வர்ற அதே இடத்துல ஒரே ஒரு கோடு வரும், உள்ள ஸ்பினான் இருக்கா மேக்னான் இருக்கான்னு அந்தக் கோடு சொல்லாது. சங்கிலியில ஏதாவது கோணல் இருந்தாத்தான் இஎஸ்ஆர் பேசும்.

கோணல் இருந்தா மட்டும் அது மாதிரி பேசற கருவி கிடையாது. காப்பர் பென்சோயேட் அதுக்கு உதாரணம். அதுலயும் சங்கிலிதான், ஆனா அடுத்தடுத்த காப்பர் மாறி மாறிச் சாஞ்சு நிக்குது, அதனால வெளிய ஒரே புலம் வச்சாலும் உள்ள மாறி மாறி இன்னொரு சின்னப் புலம் உண்டாகுது. 1997-ல டெண்டர் குழு நியூட்ரானும் ஹீட்டும் சேத்து வச்சு அதுல புலத்தால ஒரு இடைவெளி திறக்கறதக் காட்டினாங்க, இடைவெளி புலத்தோட மூணுல ரெண்டு பங்கு அடுக்குல வளருது, இல்லாத இடைவெளி புலம் வச்சதால வருது. அதே வருஷம் ஓஷிகாவாவும் ஆஃப்லெக்கும் காரணத்தச் சொன்னாங்க, அப்புறம் அவங்க சொன்ன பிரீதர்ங்கற கூட்டு நிலைங்கள இஎஸ்ஆர்லயும் பாத்தாங்க. அதே மாதிரி நிக்கல் குளோரைடும் தயோயூரியாவும் சேர்ந்த டிடிஎன் கல்லு, அது ஸ்பின் ஒண்ணு, ஒரு அச்சு பக்கம் கோணல் பலமா இருக்கு. 2.1 டெஸ்லாவுல மேக்னானெல்லாம் ஒண்ணா சேர்ந்து போஸ் ஒடுக்கம் (எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில ஒடுங்கறது) மாதிரி ஒரு நிலைக்குப் போகும், 12.6-ல முடியும். தண்ணிக் கரைசல்லயே வளரும். தம்பி நீ இஎஸ்ஆர் குழுவுக்குத்தான் போறதுன்னா சுத்தமான சங்கிலியத் தூக்கிட்டுப் போகாத, டிடிஎன் மாதிரி ஒண்ண எடுத்துட்டுப் போ.

ராமன் ஒளிச்சிதறலையும் (லேசர் ஒளி கல்லுல பட்டுச் சிதறறதப் பாக்கறது) ஒருத்தர் கேட்டாங்க. ஜே பெருசா இருக்கற ஆக்சைடு கல்லுங்களுக்கு அருமையான கருவி. 3 கெல்வின் ஜே-க்கு வராது, லேசர் கோட்டு ஓரத்துலயே ஒளிஞ்சுக்கும். அத விட்டுடலாம்.

இப்ப நியூட்ரான். நான் இத உயர்த்திச் சொல்றதுல ஒரு துளியும் மிகையில்ல, இங்க சொன்ன கருவிங்கள்ல எனர்ஜியையும் அலைநீளத்தையும் சேத்து ஒரே படத்துல காட்டறது இது ஒண்ணுதான். புலம் ஏற ஏற பூஜ்யத்தத் தொடற இடம் நகருதுன்னு மேல சொன்னேன்ல, காப்பர் பைரசின்ல 8.7 டெஸ்லா வச்சு 2003-ல அத நேராவே காட்டினாங்க, ஹீட்டோ என்எம்ஆரோ அத நேராக் காட்ட முடியாது. மயில்துத்தத்துக்கு 2013-ல மூரிகல் குழு பண்ணினது என்னோட மேசைக்கு எதிர்ல ஒட்டி வச்சிருக்கேன். பிரான்ஸ்ல கிரெனோபிள்ல இருக்கற ஐஎல்எல் நியூட்ரான் ஆய்வகத்துல, 0.1 கெல்வின்ல, முதல்ல 5 டெஸ்லா வச்சு எல்லா ஸ்பின்னையும் சாச்சு அந்தக் கூர்மையான மேக்னான் கோட்டுல இருந்து ஜே-வ அளந்துட்டாங்க, அப்புறம் புலத்த எடுத்துட்டு ஸ்பினான் பட்டைய அளந்தாங்க. ஜே ஏற்கனவே கையில இருக்கறதால ஒவ்வொரு புள்ளியோட பலத்தையும் (நியூட்ரான் எவ்வளவு சிதறுதுங்கறத) தியரியோட நேரா ஒப்பிட முடிஞ்சுது. மொத்த பலத்துல 71 சதவீதம் சுமாருக்கு ரெண்டு ஸ்பினான், மிச்சம் பெரும்பாலும் நாலு ஸ்பினான். நான் நாலு மாசம் கழிச்சுக் கழிச்சு எடுத்த அந்தத் தனிக் காப்பர் இருக்கே, அது நியூட்ரான் படத்துல அலைநீளத்தோட மாறாத தட்டைக் கோடா ஒதுங்கி நிக்கும், சங்கிலி வளைஞ்சு போகும், பாத்ததும் ரெண்டும் வேற வேறன்னு தெரிஞ்சிடும். அந்தப் படத்த முத தடவை பாத்தப்ப அப்பாவோட டிரம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா அதுக்குக் குடுக்கற விலையும் பாக்கணும். மில்லிகிராம் கல்லு பத்தாது, கிராம் கணக்குல வேணும். ஹைட்ரஜன் நியூட்ரான எல்லா பக்கமும் சிதறடிச்சுப் படத்தையே மூடிடும், என்எம்ஆருக்கு எது கண்ணோ அதுவே இங்க முகத்துல அடிக்கற மூடுபனி. அதனால சாதாரணத் தண்ணிக்குப் பதிலா கனநீர்ல (ஹைட்ரஜன் இடத்துல டியூட்டீரியம் உள்ள தண்ணியில) வளக்கணும், மூரிகல் குழுவும் அப்படித்தான் வளத்தாங்க. கனநீர் காத்துல இருக்கற ஈரத்தோட சட்டுனு ஹைட்ரஜன மாத்திக்கும். எங்க ஊர்ல ஆடி மாசம் மஞ்சு ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துடும், திறந்த பீக்கர்ல வச்சா பத்து நாள்ல கெட்டுடும். காத்து புகாத பெட்டி, உள்ள உலர்த்தி, எல்லாம் வேணும். அப்புறம் எனர்ஜி. மயில்துத்தத்தோட மொத்தப் பட்டையும் 0.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ள அடங்கிடுது. அறை வெப்பநிலை நியூட்ரானோட எனர்ஜி 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இதுக்குக் குளிர் நியூட்ரானும் நல்ல ரெசல்யூஷனும் உள்ள இடம்தான் வேணும், அது ரொம்ப தூரத்துல இருக்கு. புரொபோசல் எழுதணும், பெரும்பாலான இடத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் கேப்பாங்க, கிடைச்சா அஞ்சாறு நாள். அந்த அஞ்சாறு நாள்ல குளிர் இறங்கவே ஒண்ணரை நாள் போயிடும். பெர்லின்ல நியூட்ரானுக்குன்னு 26 டெஸ்லா காந்தம் ஒண்ணு இருந்துச்சு, அந்த ரியாக்டர் 2019 டிசம்பர்ல மூடிட்டாங்க, இப்ப நியூட்ரான் கருவியில சாதாரணமா 15 டெஸ்லா வரைக்கும்தான் யோசிக்கலாம்.

எனக்கு முத புரொபோசல் கிடைக்கல. திருப்பி வந்த குறிப்புல இருந்தது ஒரே கேள்விதான், எந்தப் புலத்துல எந்த வெப்பநிலையில அளக்கணும்னு எப்படித் தெரியும், ஹீட் டேட்டா எங்க? அப்ப எங்கிட்ட அது இல்ல, அந்தக் கல்லு உதிர்ந்த சமயம் அது. அடுத்த தடவை ஹீட் கெப்பாசிட்டி படத்த முத பக்கத்துலயே வச்சு அனுப்பினேன், கிடைச்சுது. இதனாலதான் தம்பி, நியூட்ரான் குழுவுலதான் சேரணும்னு பிடிவாதம் பிடிக்காதன்னு சொல்றேன், அதே சமயம் நியூட்ரானுக்குப் போகாம தீசிஸ முடிக்கவும் செய்யாத. முத குழுவுல சேரு. ஹீட்டும் என்எம்ஆரும் தினமும் உன் கைக்குள்ள இருக்கும், தப்பு பண்ணினா மறுநாளே திருத்தலாம், அஞ்சு வருஷத்துல ஆயிரம் தடவை குளிர இறக்கியிருப்ப. கல்ல அந்த 3-6 கெல்வின் வாசலுக்குள்ள தேடிக்க. மூணாவது வருஷம், ஹீட் படம் கைக்கு வந்த பிறகு, நியூட்ரானுக்கு எழுது. வெளிநாடு அப்பவும் போலாம், அப்ப உன்கிட்ட கேக்கறதுக்குச் சரியான கேள்வியும் இருக்கும்.

இதுக்கு மாறா சொல்லவும் நியாயம் உண்டு. உனக்கு தியரி பக்கம் மனசு ஓடுதுன்னா, ஸ்பினான் பட்டையோட வடிவம்தான் உன்னத் தூங்க விடலன்னா, நியூட்ரான் குழுவுக்கே போ, அங்க வருஷம் முழுக்க அந்தப் படத்தோடயே வாழலாம். கோபால்ட் நியோபேட்ல 5.5 டெஸ்லா கிட்ட முத ரெண்டு எனர்ஜி கோட்டோட விகிதம் 1.618-ஐ, அதாவது தங்க விகிதத்த, நெருங்குதுன்னு 2010-ல கோல்டியா குழு காட்டினாங்க, அது மாதிரி ஒண்ணு வேற எந்தக் கருவியிலயும் அவ்வளவு அழகா விழாது. எனக்கு என் கையால கல்லு வளத்து, நானே இறக்கி, நானே அளக்கணும், அதனால நான் இப்படிச் சொல்றேன்.

இன்னொண்ணு, இது சொந்தப் பெருமைக்காகச் சொல்றது. இதே துத்தக் கல்லோட காந்த குணம் திசைக்குத் திசை எப்படி மாறுதுன்னு 1936-லயே ஒருத்தர் அளந்து வச்சிருக்காரு, கே. எஸ். கிருஷ்ணன், முகர்ஜியோட சேர்ந்து. அவரு பொறந்தது நம்ம வத்திராயிருப்பு, இந்த மலைத் தொடரோட அடிவாரம். அவங்க நூல்ல கல்லத் தொங்க விட்டுத் திருகி அளந்த காலம் அது. இன்னைக்கு என் மெஷின்ல கல்ல எந்தப் பக்கம் ஒட்டணும்னு பாக்கறப்ப நான் திறக்கறதும் அந்த அளவத்தான்.

கல்லு வளக்கறதுக்கு மட்டும் ஒரு குறிப்பு சொல்லி விட்டுடறேன். உரக்கடைத் துத்தம் வேண்டாம், இரும்பு கலந்திருக்கும், லேப் கிரேடு வாங்கு. சூடான தண்ணியில கரைச்சு, வடிகட்டி, விதைக் கல்ல தூண்டில் நரம்புல கட்டித் தொங்க விடு. மலையில பகல் வெயிலுக்கும் ராத்திரிக் குளிருக்கும் நடுவுல கல்லு கரைஞ்சு கரைஞ்சு வளரும், உள்ள தண்ணிக் குமிழி மாட்டிக்கும், அது குளிர்ல வெடிக்கும். அதனால பீக்கர தெர்மோகோல் பெட்டிக்குள்ள வை, அடுப்பு இருக்கற ரூம்ல வைக்காத. நான் கார்த்திகைக்கு ஊருக்கு வரேன், ரெண்டு கல்லு நல்லதா எடுத்து வச்சிருக்கேன், விதைக்கு ஆகும். மீன் விக்கறவங்ககிட்ட இருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கிக் கழுவி எடுத்துட்டு வந்துடு.